குட்டி யந்திரத்துக்குப் புத்துயிர்

பழைய இரும்பு வாங்குகிறவர் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு, கிழிந்த தார்ப்பாயை ஒரு குச்சியினால் தூக்கிப் பார்த்தார். அதற்கு அடியில் இருந்தது என் தாய்மாமனுடைய குட்டி மோட்டார் ஸைக்கிள். அவர் பார்த்த பார்வையில் இரக்கமும் இல்லை, ஏளனமும் இல்லை. தராசு பார்க்கும் பார்வை அது.

"எஞ்சின் இறுகிப் போச்சுங்க. வண்டின்னு எடுக்க முடியாது. எடைக்கு எடுத்துக்கிறேன்" என்றார்.

மாமா திண்ணையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயது எண்பதை நெருங்குகிறது. கண் நோயினால் பார்வை மங்கி, இப்போது மனிதர்களைக் குரலைக் கொண்டுதான் அடையாளம் கண்டு கொள்கிறார். ஆனால் காது மட்டும் பாம்புச் செவி. கொல்லையில் பேசியது வாசலில் அவருக்குக் கேட்டுவிட்டது.

"எடைக்குப் போடறதானா என்னையும் சேர்த்துப் போட்டுடு, மாப்பிள்ளே. இரண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. 1976-ஆம் வருஷத்தில் அவர் வாங்கிய வண்டி அது. அதன் பின் ஆசனத்தில் உட்கார்ந்து, அவருடைய சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, கும்பகோணத்தின் எல்லாக் கோயில் வாசல்களையும் குழந்தைப் பருவத்தில் நான் பார்த்திருக்கிறேன். இரும்புக்காரரிடம், "இப்போது கொடுப்பதாக இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே ஒழிய, மேற்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அன்று வரையில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றி மாட்டியதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு யந்திரத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து மறுபடியும் பூட்டுவதென்றால், அதைத் துணிச்சல் என்பதா, அறியாமை என்பதா என்று வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம். எனக்குத் தைரியம் அளித்தது ஒரு பழைய விருத்தாந்தம். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு இளைஞராக இருந்தபோது, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் ஸைக்கிளைக் கண்டு மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் முதல் காரியமாக அதைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டினார் என்பார்கள். அவரும் அன்றைக்குக் கற்றுக்குட்டிதானே?

ராஜதூதனின் வமிசாவளி

வண்டியின் பெயர் ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "பாபி வண்டி" என்றால்தான் தெரியும். 1973-இல் ராஜ் கபூர் எடுத்த 'பாபி' என்ற ஹிந்திப் படத்தில் ரிஷி கபூரும் டிம்பிள் கபாடியாவும் இந்தக் குட்டி வண்டியில் ஏறிச் சுற்றினார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தேசத்து வாலிபர்களில் பாதிப் பேர் இதே வண்டி வேண்டும் என்று ஏங்கினார்கள். மாமாவும் அப்படி ஏங்கியவர்களில் ஒருவர். படம் பார்த்ததனால் வாங்கவில்லை என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார். நம்புவாரில்லை.

சக்கரங்கள் சிறியவை, உடலும் குட்டை. ஆனால் வயிற்றுக்குள் இருக்கும் யந்திரம் குட்டியல்ல. கிராமத்துப் பால்காரர்கள் தகரக் கேன்களைத் தொங்கவிட்டுக் கொண்டு மண் பாதையில் ஓட்டிய பெரிய ராஜ்தூத் 175-இன் யந்திரமேதான் இதிலும் பொருத்தப்பட்டது. 61 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றை ஸிலிண்டர். அதில் பிஸ்டன் 59.5 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும். ஏறக்குறைய 174 கன செண்டிமீட்டர் கொள்ளளவு.

இந்த யந்திரத்தின் பூர்வோத்தரம் ரஸமானது. அதன் பிறப்பிடம் போலந்து தேசம். எஸ்.எச்.எல். என்ற போலந்து மோட்டார் ஸைக்கிளின் எம் 11 என்னும் மாதிரியைத்தான் 1960-களின் தொடக்கத்தில் எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் உரிமை பெற்று இங்கே செய்யத் தொடங்கினார்கள். எஸ்கார்ட்ஸ் என்பது நந்தா சகோதரர்கள் 1944-இல் லாகூரில் ஆரம்பித்த கம்பெனி. 1947-இல் தேசம் இரண்டாகப் பிளந்தபோது லாகூர் அந்நிய பூமியாகிவிட்டது. உடைமைகளை இழந்து டில்லிக்கு வந்து, மறுபடியும் தலையெடுத்தார்கள். பின்னர் அவர்கள் ஆலை நிறுவிய பரீதாபாத்தும், எல்லை கடந்து வந்த அகதிகள் தங்கள் கைகளாலேயே வீடு கட்டிக்கொண்ட நகரம். போரில் நொறுங்கி எழுந்த போலந்தில் பிறந்த யந்திரம், பிரிவினையில் நொறுங்கி எழுந்த மனிதர்களின் கையால் இங்கே உருவாயிற்று.

அந்தக் காலத்தில் இது தனிக் கதையல்ல. சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் என்பீல்டு வண்டிக்கு ஆலை எழுந்தது. மைசூரில் ஐடியல் ஜாவாக் கம்பெனியார் செக்கோஸ்லோவாகிய வண்டியைச் செய்தார்கள். அந்நிய தேசத்துப் படத்தை வாங்கி, முதலில் பாகங்களைப் பூட்டக் கற்று, பிறகு பாகங்களையே வார்க்கக் கற்று, நம்மவர்கள் மெல்ல மெல்லக் கை தேர்ந்தார்கள். தேசம் ஏறிய அதே படிகளை நானும் என் கொல்லைப்புறத்தில் ஏறப் போகிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

துருத்தியின் தத்துவம்

பட்டறைக்குப் போகுமுன் யந்திரத்தின் தத்துவத்தைத் தெரிந்து கொள்வது நலம். இன்றைய மோட்டார் ஸைக்கிள்களில் பெரும்பாலானவை நான்கடி யந்திரங்கள். உள்ளிழுத்தல், அமுக்குதல், எரித்தல், வெளித்தள்ளுதல் என்ற நான்கு காரியங்களுக்குப் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்கவேண்டும். வாசற் கதவுகளைப் போல் வால்வுகள் திறந்து மூடும். இரண்டடி யந்திரத்திலோ வால்வே கிடையாது. ஒரே ஏற்றத்திலும் ஒரே இறக்கத்திலும் எல்லாம் முடிந்துவிடும்.

எப்படி என்கிறீர்களா? கொல்லன் உலைக்களத்துத் துருத்தியை நினைத்துக் கொள்ளுங்கள். பிஸ்டனுக்கு மேலே ஸிலிண்டர். கீழே கிராங்கு சுழலும் அறை. இந்தக் கீழறைதான் துருத்தி. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழறையில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி கார்புரேட்டரிலிருந்து உள்ளே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அந்த ஆவி அமுக்கப்பட்டு, ஸிலிண்டர் சுவரில் உள்ள ஜன்னல்கள் வழியே மேலறைக்குப் பாய்கிறது. சற்று முன்பே திறந்துவிட்ட இன்னொரு ஜன்னல் வழியாக எரிந்த புகை வெளியேறிவிடுகிறது. ஜன்னல்களைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனேதான். வேலைக்காரன், காவற்காரன் இரண்டு உத்தியோகமும் அதற்கே.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டூகல்ட் கிளார்க் 1881-இல் இரண்டடி யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது, ஆவியைத் தள்ளுவதற்குத் தனியாக ஒரு பம்பு வைத்திருந்தார். கிராங்கு அறையையே பம்பாக்கிவிடலாம் என்று கண்டுபிடித்தவர் இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜோசப் டே. அது 1890-களின் தொடக்கம். அன்று முதல் இரண்டடி யந்திரம் ஏழைகளின் யந்திரமாயிற்று. பாகங்கள் குறைவு, விலை குறைவு, பழுது பார்ப்பதும் சுலபம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. துருத்தியில் ஓட்டை இருக்கக்கூடாது. கிராங்குத் தண்டு இரண்டு பக்கமும் அறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்டு சுழலவும் வேண்டும், காற்றுப் புகவும் கூடாது. இதற்காகத் தண்டின் இரு பக்கமும் ரப்பர் உதடு கொண்ட வளையங்கள் உண்டு. அவற்றுக்கு ஆயில் சீல் என்று பெயர். இந்த வளையங்களை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக் கொள்ளவேண்டும். நான் நினைவில் வைத்துக் கொள்ளாததனால் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

பிரித்த படலம்

ஊரில் ஒரு வயோதிக மேஸ்திரி இருக்கிறார். ராஜ்தூத் வண்டிகள் பெருகியிருந்த நாளில் தொழில் கற்றவர். இப்போது பட்டறை வைத்திருக்கவில்லை. "நான் செய்யமாட்டேன் ஸார். நீங்க செய்யுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார். அதைவிடச் சிறந்த குரு வேறு யார்?

முதல் பாடம் பொறுமை. ஸிலிண்டருக்குள் பிஸ்டன் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்தது போல் இருந்தது. பிளக் துவாரத்தின் வழியாக டீஸலும் எண்ணெயும் கலந்து ஊற்றச் சொன்னார் மேஸ்திரி. தினம் ஒரு தடவை ஊற்றவேண்டும். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையினால் முன்னும் பின்னும் மெதுவாக அசைக்கவேண்டும். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் காலை சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. என் சந்தோஷத்தைக் கண்டு வீட்டில் எல்லோரும் என்ன விசேஷம் என்று ஓடி வந்தார்கள்.

இரண்டாவது பாடம் ஒழுங்கு. என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. ஒவ்வொரு திருகாணியையும் கழற்றுமுன் அவள் கைபேசியில் படம் எடுத்தாள். கழற்றிய பாகங்களைப் பழைய காப்பித்தூள் டப்பாக்களில் இட்டு, 'கிளட்ச்', 'கார்புரேட்டர்', 'அப்பாவுக்குத் தெரியாதது' என்று சீட்டு ஒட்டினாள். மூன்றாவது டப்பாதான் சீக்கிரம் நிறைந்தது.

மூன்றாவது பாடத்தை என் கையைப் பிடித்துக் கற்றுக் கொடுத்தார். மாக்னெட் சக்கரம் தண்டின் கூம்பான முனையில் இறுகி உட்கார்ந்திருந்தது. நட்டைக் கழற்றியும் அது அசையவில்லை. நான் சுத்தியலை எடுத்தேன். மேஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஸார், இதை அடிச்சா மூணு செத்துப் போகும். சக்கரம் வெடிக்கும், தண்டு வளையும், பேரிங்கு போகும். எந்த இடத்துல சுத்தியல் எடுக்கணும்னு தோணுதோ, அந்த இடத்துக்குன்னு ஒரு கருவி இருக்கு."

கருவியின் பெயர் புல்லர். அதை மாட்டி நடுத் திருகை இறுக்கியதும், 'டக்' என்று ஒரு சத்தத்துடன் சக்கரம் விடுபட்டது. ஒரு கஷ்டமும் இல்லை. வாழ்க்கையில் எத்தனை இடங்களில் புல்லருக்குப் பதிலாகச் சுத்தியலை எடுத்திருக்கிறேன் என்று அன்று இரவு யோசித்துப் பார்த்தேன்.

தலைமயிர்க் கணக்கு

ஸிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால், உள்சுவரில் மேலிருந்து கீழாகக் கீறல்கள். பிஸ்டனின் தலையில் 50 என்று எழுத்து வெட்டியிருந்தது. அதாவது முன்பே ஒரு முறை ஸிலிண்டரைக் கடைந்து, மூல அளவைவிட அரை மில்லிமீட்டர் பருத்த பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். "போட்டது நான்தான். காவேரியில் வெள்ளம் வந்த வருஷம்" என்றார் மேஸ்திரி. வைத்தியர் தாம் போட்ட தையலைப் பல வருஷம் கழித்துக் கண்டது போல் இருந்தது அவர் முகம்.

ஸிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. பிஸ்டன் மேலே போய்த் திரும்புகிற இடத்தில்தான், சூடும் அழுத்தமும் அதிகமாதலால், அதிகம் தேயும். அதனால் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில், குறுக்கிலும் நெடுக்கிலும் அளக்கவேண்டும். அளந்ததில் அடுத்த அளவான 0.75 பிஸ்டனுக்குக் கடைந்தால் போதும் என்று தெரிந்தது. பெரிய ராஜ்தூத்தும் இதே யந்திரத்தைக் கொண்டதனால் பிஸ்டன் கிடைப்பது சிரமமாக இல்லை. பால்காரர்களுக்கு நன்றி!

இதில் ஒரு நுட்பம். பிஸ்டன் அலுமினியம், ஸிலிண்டர் வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆகையால் குளிர்ந்திருக்கும்போது இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடவேண்டும். எவ்வளவு? ஒரு தலைமயிரின் பருமன். குறைந்தால் சூட்டில் பிஸ்டன் இறுகிவிடும். அதிகமானால் ஆடிக்கொண்டு 'தடதட' என்று சத்தம் போடும். ஆகவே புதுப் பிஸ்டனைக் கையில் கொடுத்துத்தான் கடைசல்காரரிடம் ஸிலிண்டரைக் கடையச் சொல்லவேண்டும். காலை அளந்துதான் செருப்புத் தைக்கவேண்டும்.

பிஸ்டன் ரிங்குகளுக்கும் அளவு உண்டு. ரிங்கை ஸிலிண்டருக்குள் நேராக நிறுத்தி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள சந்தை ஃபீலர் தகட்டினால் அளக்கவேண்டும். இந்த ஸிலிண்டருக்குக் கால் மில்லிமீட்டர் அளவு இருந்தால் சரி. இரண்டடி யந்திரத்தில் ரிங்கு சுழலாதபடி பிஸ்டன் பள்ளத்தில் ஒரு சிறு முளை உண்டு. ரிங்கின் முனைகள் அந்த முளையின் இரு பக்கமும் உட்காரவேண்டும். தப்பாக உட்கார்ந்தால், முனை ஸிலிண்டர் ஜன்னலில் சிக்கி ஒடிந்து, அத்தனை வேலையும் பாழ்.

கிராங்குத் தண்டின் வேலையை நான் தொடவில்லை. கனெக்டிங் ராடின் கீழ்ப் பேரிங்கு மேலும் கீழும் ஆடியது. அதைப் பிரிக்கப் பெரிய அழுத்த யந்திரம் வேண்டும். பூட்டிய பிறகு, இரு பக்கத் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் சுழல்கின்றனவா என்று மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு வரையில் சோதிக்கவேண்டும். தன்னால் ஆகாதது எது என்று அறிவதும் தொழில் அறிவில் ஒரு பகுதி. லேத்துப் பட்டறைக்கு அனுப்பி வைத்தேன்.

நான் செய்த சிக்கனம்

இப்போது என் குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டிய இடம் வந்துவிட்டது.

சாமான் பட்டியலில் 'ஆயில் சீல்' என்று மேஸ்திரி எழுதியிருந்தார். கடையில் கிளட்ச் பக்கத்து சீல் கிடைத்தது. மாக்னெட் பக்கத்து சீல் இல்லை, நாலு நாள் கழித்து வரும் என்றார்கள். பழைய சீலை விரலால் தடவிப் பார்த்தேன். முழுசாகத்தான் இருந்தது. கொஞ்சம் கெட்டியாக இருந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டியை மாமாவுக்கு ஓட்டிக் காட்டவேண்டும் என்ற ஆவல் வேறு. பழையதையே வைத்துப் பூட்டிவிட்டேன். மேஸ்திரிக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. அன்று மாலை மாமா, "எல்லாம் புதுசா போட்டியா, மாப்பிள்ளே?" என்று கேட்டபோது, "எல்லாம் புதுசு மாமா" என்று சொன்னேன்.

மற்றக் காரியங்களில் குறை வைக்கவில்லை. கிராங்கு அறையின் வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு, பிஸ்டன் ஊசிக்குப் புது லாக்குகள் போட்டேன். பிஸ்டன் தலையின் அம்புக்குறி புகை போகும் திசையைப் பார்க்கும்படி வைத்தேன். பேக்கிங் காகிதத்தை அளவாக வெட்டி ஒட்டினேன். பாயிண்டின் சந்தைச் சரிசெய்தேன். இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து ஊற்றினேன். சாவிப் பெட்டி துருப்பிடித்துப் போயிருந்ததால், மின்சாரக் கம்பியை மட்டும் நேராக இணைத்திருந்தேன்.

ஞாயிறு காலை. மாமா திண்ணையில், குடும்பம் முழுவதும் வாசலில். முதல் மிதிக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதுக்கு ஒரு செருமல். மூன்றாவது மிதியில், நெடுநாள் ஊமையாக இருந்த யந்திரம் வாய் திறந்தது! என் பெண் கை தட்டினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் சத்தம் அடங்கவில்லை. ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடியும் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று. 'டிங் டிங்' என்ற நாதம் போய், ஓலமிடத் தொடங்கிற்று. நிறுத்தச் சாவி இல்லை. பெட்ரோல் குழாயை மூடினேன், குறையவில்லை. கை நடுங்கியது. அப்போது திண்ணையிலிருந்து மாமாவின் குரல் இடிபோல் வந்தது.

"கியரைப் போடு! இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு கிளட்சை விடு!"

செய்தேன். யந்திரம் ஒரு உதறு உதறி நின்றது. வாசலில் நிசப்தம். மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, யாருக்கும் கேட்காதபடி மெல்லச் சொன்னார்:

"வெளிக்காத்தைக் குடிக்குது, மாப்பிள்ளே. மாக்னெட் பக்கத்து சீல் பழசுதானே?"

கண் தெரியாத மனிதர், பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அரை நிமிஷச் சத்தத்தில், நான் மறைத்த பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார். நான் தலை குனிந்தேன். அவர் கண்ணுக்குத் தெரியாது என்றாலும் குனிந்தேன்.

காரணம் எளியது. பல வருஷம் உலர்ந்து கெட்டிப்பட்ட ரப்பர் உதடு, சுழலும் தண்டைத் தழுவவில்லை. துருத்தி ஓட்டையாகிவிட்டது. கார்புரேட்டரை மூடினாலும் சீல் வழியே காற்றுப் புகுந்தது. காற்று மிகுந்தால் பெட்ரோல் குறையும். இரண்டடி யந்திரத்தில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது. ஆகவே வேகமும் சூடும் ஏற ஏற, எண்ணெய் குறையும். இன்னும் சில நிமிஷம் ஓடியிருந்தால் புதுப் பிஸ்டனும் இறுகியிருக்கும். இரண்டு தடவை காப்பி குடிக்கிற காசுக்காகவும் நாலு நாள் பொறுமைக்காகவும் மூன்று மாத வேலையைப் பணயம் வைத்திருக்கிறேன்.

மறுபடியும் பிரித்தேன். இந்தத் தடவை சீல் வந்த பிறகுதான் பூட்டினேன். காய்ச்சல் தெளிந்து வந்த மேஸ்திரி ஒரு சோதனையும் கற்றுக் கொடுத்தார். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, யந்திரத்துக்குள் கொஞ்சம் காற்றை அடித்து, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். எதனால் அடிப்பது? அம்மாவின் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியினால்! அதன் ரப்பர்ப் பந்தை அமுக்கி, முள்ளை 300 வரையில் ஏற்றினோம். அது சதுர அங்குலத்துக்குச் சுமார் ஆறு பவுண்டு அழுத்தம். இணைப்புக்களில் சோப்பு நுரையைத் தடவினோம். ஒரு குமிழியும் எழவில்லை. ஐந்து நிமிஷம் கழித்தும் முள் அசையவில்லை. "இவனுக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. எனக்குத்தான் ஏறிக்கிடக்கு" என்றாள் அம்மா.

சத்தம் சொன்ன செய்தி

அடுத்த ஞாயிறு, இரண்டாவது மிதியில் யந்திரம் பேசியது. ஆக்ஸிலேட்டரை மூடினால் 'டிங்... டிங்... டிங்...' என்று ஆறுதலாக அடங்கியது. மாமா எழுந்து வந்து பெட்ரோல் டாங்கின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தடவித் தடவிப் பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். ரிஜிஸ்ட்ரேஷன் இன்னும் புதுப்பிக்கப்படவில்லையாகையால் வீதிக்குப் போகக்கூடாது. பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் மூன்று சுற்றுச் சுற்றினோம். ஒரு காலத்தில் நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது போல, அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டடி யந்திரத்தின் குறையையும் மறைக்கக்கூடாது. எரியாத பெட்ரோலும் எண்ணெய்ப் புகையும் காற்றைக் கெடுக்கின்றன. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் இந்த ஜாதி வண்டிகள் வீதிகளிலிருந்து விலகியது நியாயமே. தினமும் இதில் ஆபீசுக்குப் போகவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு யந்திரத்தை ஓட்டாமல் இருப்பது வேறு, அதைப் புரிந்து கொள்ளாமல் இருப்பது வேறு.

காந்தியடிகள் யந்திரத்தின் விரோதி என்று நினைப்பவர் பலர். தையல் யந்திரத்தை அவர் மனமாரப் பாராட்டினார். சிறந்த கைராட்டினத்தை அமைத்துத் தருபவருக்கு லக்ஷம் ரூபாய்ப் பரிசு என்று 1929-இல் சர்க்கா சங்கத்தின் மூலம் அறிவிக்கச் செய்தவரும் அவரே. குறைந்த செலவில் பழுது பார்த்துக்கொள்ளக் கூடியதாக அந்த ராட்டினம் இருக்கவேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. மனிதன் யந்திரத்துக்கு அடிமையாகக் கூடாது. அடிமையாகாமல் இருக்க ஒரே வழி, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்திருப்பது. ஸ்வதேசிப் பொருளை வாங்குவது ஸ்வதேசியத்தில் பாதிதான். வாங்கிய பொருள் நின்றுவிட்டால் நம் கையாலேயே அதை மறுபடியும் ஓட வைப்பது மற்றப் பாதி. முதல் பாதிக்குப் பணம் போதும். இரண்டாம் பாதிக்குப் பொறுமை வேண்டும், உண்மை வேண்டும். பழைய சீலைப் புதுசு என்று சொன்னால் மனிதர்கள் நம்பலாம். யந்திரம் நம்பாது.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஏதாவது ஒரு தார்ப்பாய் இருக்கலாம். அதன் அடியில் ஒரு தையல் மிஷினோ, பம்பு செட்டோ, சுவர்க் கடிகாரமோ கிடக்கலாம். தராசுக்காரர் வருமுன் ஒரு முறை திறந்து பாருங்கள். வீட்டுக் குழந்தையை டப்பாக்களில் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஊரில் இன்னும் மிச்சமிருக்கும் மேஸ்திரிகளைத் திண்ணைக்கு அழைத்து ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். அவர்கள் காதிலும் விரலிலும் இருக்கும் வித்தை எந்தப் புஸ்தகத்திலும் முழுதாக எழுதப்படவில்லை. அதை எடைக்குப் போட்டுவிட்டால் எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

மூன்றாம் சுற்று முடிந்து இறங்கியதும் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஓடிக்கொண்டிருந்த யந்திரத்தைக் கவனமாகக் கேட்டார். சபாஷ் என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"செயின் லூஸா இருக்கு, மாப்பிள்ளே" என்றார்.